‘ஃப்ரீ’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் தமிழ்ப் பெயர்ப்பும்: ஒரு பொருண்மையியல் நோக்கு

முன்னுரை

ஐதராபாத்து மாநகரின் வடபகுதியில், செகந்தராபாத்துக் கன்டோன்மென்டைச் சார்ந்து அமைந்த ஊர் திருமுல்கேரி. தெலுங்கில் இவ்வூர் ‘திருமலகிரி’ எனப்படும். ஆங்கிலேயர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதிய வடிவத்திலிருந்து தமிழில் மீண்டும் ஒலிபெயர்த்தபோது மலையும் கிரியும் மறைந்தன. ‘முல்’, ‘கேரி’ என்னும் பொருளற்ற ஒலிகள் எஞ்சின. 1798ஆம் ஆண்டின் துணைப்படை உடன்பாட்டிற்குப் பின் இப்பகுதியில் ஆங்கிலப் படை நிலைகொண்டது. சென்னை மாகாணப் படையோடு தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. ஆகவே தெலுங்கு, உருது, தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் நாள்தோறும் உராயும் சூழல் இங்கு நெடுங்காலமாக உள்ளது.

இச்சூழலில் நான்கு மொழியினரும் ஒருங்கே வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘ஃப்ரீ’ என்னும் பெயரடை. ஒன்று வாங்கினால் மற்றொன்று ஃப்ரீ என்பார் வணிகர். மாலையில் ஃப்ரீயா என்பார் நண்பர். எல்லோரிடமும் ஃப்ரீயாகப் பழகுவார் என்பார் அண்டை வீட்டார். மூன்றிடத்தும் சொல் ஒன்றே, பொருள் ஒன்றன்று. பேச்சில் இதனால் இடர் ஏதும் நேர்வதில்லை. சட்டம், ஆட்சி, அறிவியல், கல்வி ஆகிய துறைகளின் பனுவல்களைத் தமிழில் தரும்போதுதான் இடர் தோன்றுகிறது. அங்கே ‘ஃப்ரீ’ என்பதற்கு இடப்படும் ஒரு தமிழ்ச்சொல், உரிமையைக் கொடையாகவும் கொடையை உரிமையாகவும் மாற்றிக் காட்டிவிடக்கூடும். இப்பெயரடையின் பொருள்வேறுபாடுகளையும், அவற்றைத் தமிழில் தருவதற்குரிய நெறியையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லின் வரலாறு

‘ஃப்ரீ’ என்பது செருமானியக் கிளைமொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். இதன் மூல வேர் ‘அன்பு செலுத்துதல்’ என்னும் பொருளது என்பது ஒப்பியல் மொழிநூலார் கொள்கை. ஆங்கிலத்தில் நண்பரைக் குறிக்கும் ‘ஃபிரண்டு’ என்பதும், வடமொழிப் ‘பிரிய’ என்பதும் இதனோடு உறவுடையன. வடமொழி வழியாகத் தமிழில் வழங்கும் ‘பிரியம்’ என்பதும் அவ்வகையில் தொலைவுறவினதே. குடும்பத்துள் அன்புக்குரியவராய் இருப்போர், அடிமையராய் இருப்போர் என இருதிறத்தாரை வேறுபடுத்திய பண்டைச் சமுதாயத்தில், ‘அன்புக்குரிய’ என்பது ‘அடிமையல்லாத’ என்னும் பொருளைப் பெற்றது. அதன்பின் கட்டுப்படாமை, தடைப்படாமை, வேலையில் அகப்படாமை, தாராளம் என அது விரிந்தது. ‘பணம் பெறாமல் தரப்படும்’ என்னும் பொருள் ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. இன்று தமிழரிடையே முதற்கண் நினைவுக்கு வரும் ‘இலவசம்’ என்னும் பொருள், ஆங்கிலத்தில் காலத்தாற் பிற்பட்டது. மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமல் முதலிடம் தரும் பொருள், மூலமொழியில் முதற்பொருள் அன்று.

2. சொல்லப்படாத உறுப்பு

இப்பெயரடையின் பொருள் பலவாகத் தோன்றினும், அவற்றின் அடியில் ஓர் ஒற்றுமை உண்டு. ‘ஒன்று மற்றொன்றிலிருந்து நீங்கியுள்ளது’ என்பதே அது. நீங்குவது ஒன்று; எதனின் நீங்குகிறதோ அது மற்றொன்று. ஆங்கிலம் இவ்விரண்டாம் உறுப்பைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கல்வி ‘ஃப்ரீ’ எனில் கட்டணத்திலிருந்து. வணிகம் ‘ஃப்ரீ’ எனில் தடையிலிருந்து. தேர்தல் ‘ஃப்ரீ’ எனில் அச்சுறுத்தலிலிருந்து. மனிதர் ‘ஃப்ரீ’ எனில் அடிமைநிலையிலிருந்தோ அன்றைய வேலையிலிருந்தோ. படிப்பவரே அதனை உய்த்துணர்ந்து கொள்கிறார்.

தமிழின் இயல்பு இதனின் வேறு. தமிழில் இப்பொருளைத் தருவன பெரும்பாலும் ‘அற்ற’, ‘இல்லா’ என்னும் எதிர்மறைப் பெயரெச்ச வடிவங்கள். இவை தனித்து நில்லா. முன்னே ஒரு பெயரை வேண்டி நிற்கும். கட்டணமில்லாக் கல்வி, தடையற்ற வணிகம், வட்டியில்லாக் கடன், மாசற்ற காற்று எனும்போது, எதனின் நீக்கம் என்பது சொல்லிலேயே வெளிப்படுகிறது. ஆங்கிலம் மறைத்து வைத்ததைத் தமிழ் வெளியே எடுத்து வைத்தாக வேண்டும். ஆகவே ‘ஃப்ரீ’ என்பதைக் கண்டவுடன் மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டிய வினா ‘இதற்கு இணையான சொல் யாது?’ என்பதன்று, ‘எதிலிருந்து?’ என்பதே.

‘இலவச’, ‘சுதந்திர’ என்னும் இரு சொற்களும் இவ்வினாவைக் கேட்காமலே பெயர்ப்பை முடிக்க உதவுவன. பிழைகளுட் பல இவ்விரு சொற்களின் வழியே நுழைவதற்கு இதுவே காரணம் எனலாம்.

3. தொல்காப்பியம் காட்டும் நெறி

பலபொருள் ஒருசொல் பற்றித் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுவது இங்கு நேரடியாகப் பயன்படும். அத்தகைய சொற்களை வினையால் வேறுபடுவன, வினையால் வேறுபடாதன என அது இருவகைப்படுத்துகிறது. முதல்வகைச் சொற்கள் தாம் கொள்ளும் வினையாலும், உடன்வரும் இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளிவுறும். இரண்டாம் வகையை வெளிப்படையாகக் கிளந்தே கூறவேண்டும். ‘மா பூத்தது’ எனில் மரம் என்பது வினையால் விளங்கும். ‘மா வீழ்ந்தது’ எனில் மரமோ விலங்கோ என ஐயம் நிற்கும். ஆகவே ‘மாமரம்’ என்று கிளந்து சொல்ல வேண்டும்.

‘ஃப்ரீ’ என்பதையும் இவ்வாறே நோக்கலாம். அது அடைகொளியாகப் பெற்ற பெயர் யாது, உடன்வரும் அடை யாது, பனுவல் எத்துறையினது என்னும் மூன்றையும் காணவேண்டும். ‘ஃப்ரீ’யோடு ‘நேர்மையான’ என்னும் பொருளுடைய அடை இணைந்து, தேர்தல் என்னும் பெயர் வருமாயின் அங்கே விலைப்பொருளுக்கு இடமில்லை. ‘கட்டாய’ என்னும் பொருளுடைய அடை இணைந்து கல்வி வருமாயின் கட்டுப்பாடின்மைக்கு இடமில்லை. இம்மூன்றாலும் தெளியாதவிடத்து, நீங்கிய பொருளைக் கிளந்து கூறுவதே நெறி.

ஒரே பனுவலில் இருபொருளும் அடுத்தடுத்து வருதலும் உண்டு. தேர்தல் அறிக்கைகளில் அறிவிக்கப்படும் இலவசப் பொருள்கள் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கியது. இத்தகைய பொருள் வழங்கல், சுதந்திரமும் நேர்மையும் உடைய தேர்தலின் வேரைப் பெரிதும் அசைக்கிறது என்பது அதில் கூறப்பட்ட கருத்துகளுள் ஒன்று. ஆங்கில மூலத்தில் வழங்கப்படும் பொருளைக் குறிக்கும் சொல்லிலும், தேர்தலின் அடையிலும் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே அடிச்சொல் நிற்கிறது. முன்னதால் பின்னது கெடுகிறது என்னும் முரண், ஆங்கிலத்தில் சொல்லளவிலேயே ஒலிக்கிறது. தமிழில் ‘இலவசம்’, ‘சுதந்திரம்’ எனச் சொல் இரண்டாகும். அம்முரணொலி மறையும், பொருள் தெளியும். பெயர்ப்பில் ஒன்றை இழந்தே ஒன்றைப் பெறுகிறோம்.

4. விலை நீங்கல்: கொடையா, உரிமையா?

பணம் பெறாமையைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் பல; ஆனால் அவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ‘இலவசம்’ என்பது கொடுப்போரை முன்னிறுத்துகிறது. ‘ஓசி’ என்பது பெறுவோரை இழித்துக் காட்டுகிறது. ‘தருமம்’ என்பது கொடுப்போரின் அறத்தைச் சுட்டுகிறது. ‘விலையில்லா’ என்பது பொருளை நோக்குகிறது. ‘கட்டணமில்லா’ என்பது கொடுப்போரையும் பெறுவோரையும் விடுத்துச் செலுத்தவேண்டிய தொகையை மட்டும் நோக்குகிறது.

தமிழ்நாட்டு ஆட்சிமொழி வழக்கில் இவ்வேறுபாடு கொள்கை வடிவம் பெற்றது. 2006ஆம் ஆண்டுக்குப் பின் வழங்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ‘இலவச’ என்னும் அடை பெற்றது. 2011இல் ஆட்சி மாறிய பின் அரிசி, மிக்சி, மின்விசிறி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு ‘விலையில்லா’ என்னும் அடை இடப்பட்டது. செயல் ஒன்றே, சொல் மாறியது. பெறுவோர் மீது படியும் இழிவுக்குறிப்பைக் களைவதற்கு இம்மாற்றம் உதவியது எனினும், புதிய சொல் ஓர் இரட்டுறலையும் உடன்கொணர்ந்தது. விலை மதிக்க இயலாத அருமையையும் ‘விலையில்லா’ என்பது குறிக்கவல்லது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் மகளிர் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பணம் செலுத்தாது பயணம் செய்யும் திட்டம் தொடங்கியபோது, ‘கட்டணமில்லாப் பயணம்’ என்னும் தொடர் ஆளப்பட்டது. பின்னர் அது ‘விடியல் பயணம்’ என்னும் பெயரும் பெற்றது. 2022இல் இப்பயணத்தைக் குறித்து ‘ஓசி’ என்னும் சொல் பொதுமேடையில் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பயணத்தின் தன்மையில் அன்று எம்மாற்றமும் நிகழவில்லை. சொல் மட்டுமே வேறுபட்டது. ஒரு பெயரடையின் தேர்வு பெறுவோரின் மதிப்பைத் தொடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் தொடங்கிய இத்தகைய திட்டத்தில் மகளிர்க்குத் தரப்படும் சீட்டு ‘ஜீரோ டிக்கெட்’ எனப்பட்டது. சீட்டு உண்டு, தொகை சுழியம் என்பது அதன் பொருள். கொடை என்னும் குறிப்பு அதில் இல்லை.

சட்டப் பனுவலில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு, பதினான்கு வயது வரையிலான சிறார்க்கு ‘ஃப்ரீ’யான, கட்டாயமான கல்வியை அரசு முயன்று தரவேண்டிய நெறியாகக் கூறியது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் 21-அ உறுப்பைச் சேர்த்து, ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கு அதனை அடிப்படை உரிமையாக்கியது. இதனைச் செயற்படுத்தும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்கும் முடிப்பதற்கும் தடையாகக்கூடிய எவ்வகைக் கட்டணத்தையும் செலவையும் செலுத்தும் கடப்பாடு குழந்தைக்கு இல்லை என்பது அதன் மூன்றாம் பிரிவின் கருத்து. ‘எதிலிருந்து?’ என்னும் வினாவிற்குச் சட்டமே இங்கு விடையளித்துவிடுகிறது. நீங்குவது ஆசிரியர்க் கட்டணம் மட்டுமன்று; கல்விக்குத் தடையாகும் செலவும் ஆகும்.

இதனை ‘இலவசக் கல்வி’ எனப் பெயர்ப்பது பெருவழக்கு. அதனைப் பிழை எனத் தள்ளுதல் இயலாது. ஆயினும் ‘இலவசம்’ என்னும் சொல்லைக் கேட்கும் பெற்றோர், அரசு தரும் பரிசாக அதனைக் கொள்ள இடமுண்டு. பரிசு கிடைக்காவிடின் வருந்தலாம். வழக்குத் தொடுக்க இயலாது. உரிமை கிடைக்காவிடின் வழக்குத் தொடுக்கலாம். ‘கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி’ என்னும் தொடர் இவ்வுரிமைப் பொருளுக்கு அணுக்கமானது. இந்தி வடிவில் ‘சுல்கம் இல்லாத’ என்னும் பொருளுடைய ‘நிஃசுல்க்’ ஆளப்பட்டிருப்பதும் ஒப்புநோக்கத்தக்கது. பேச்சு வழக்கிலுள்ள ‘முஃப்த்’ அங்கே இடம்பெறவில்லை.

இலங்கைத் தமிழ் வழக்கை இங்கு மறத்தலாகாது. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த கல்வித் திட்டம் அங்கு ‘இலவசக் கல்வி’ என்றே வழங்குகிறது. அச்சொல் இழிவுக்குறிப்பின்றி, காக்கப்பட வேண்டிய மக்களுரிமையின் பெயராகவே நிற்கிறது. ஆகவே இழிவு சொல்லில் பிறவியாக உள்ளதன்று. அது வழங்கும் சமுதாயச் சூழல் ஏற்றுவது. மொழிபெயர்ப்பாளர் யார்க்காக எழுதுகிறார் என்பதும் பொருளைத் தீர்மானிக்கிறது.

5. கட்டு நீங்கல்

கணினித் துறையில் ‘ஃப்ரீ’ பற்றிய பூசல் ஆங்கிலத்துக்குள்ளேயே தோன்றியது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய இயக்கம், பயனர் மென்பொருளை இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையை ‘ஃப்ரீ’ என்னும் அடையாற் குறித்தது. கேட்டோர் விலையின்மை எனக் கொண்டனர். அப்பொருளன்று என்பதை விளக்குவதற்கே அவ்வியக்கம் பெருமுயற்சி செய்ய வேண்டியதாயிற்று. ஆங்கிலத்துக்கு இடர்ப்பாடான இவ்விடத்தில் இந்திய மொழிகளுக்கு இடரில்லை. தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ எனின் ஐயம் நீங்குகிறது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று குறிப்பதும் இம்முறையினதே. ஐதராபாத்தில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் அமைப்பொன்றின் பெயர் ‘சுவேச்சா’. தெலுங்கில் சுதந்திரத்தைக் குறிக்கும் இச்சொல்லே தமிழில் ‘சுயேச்சை’ என்றாகி, கட்சி சாராத வேட்பாளரைக் குறிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

‘கட்டற்ற’ என்பதை எல்லாவிடத்தும் இடுதலும் கூடாது. ‘கட்டுப்பாடற்ற’ என்பதோடு அது மயங்கி, அடங்காமை என்னும் குறிப்பைத் தரும். வணிகத்திற்குத் ‘தடையற்ற’ என்பதே தமிழ்நாட்டு இதழ்களில் நிலைபெற்றது. இலங்கையில் 1978இல் கட்டுநாயக்காவில் அமைந்தது ‘சுதந்திர வர்த்தக வலயம்’ எனப்படுகிறது. ஒரே கருத்துக்கு இருநாட்டுத் தமிழில் இருசொல் என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளவேண்டும்.

கலைச்சொற்களில் ‘எதிலிருந்து?’ என்னும் வினா செம்மையான பயன் தந்துள்ளது. இயற்பியலில் அணுவின் பிணைப்பிலிருந்து நீங்கியது ‘கட்டுறா எலக்ட்ரான்’. வேறு தடையின்றிப் புவியீர்ப்பால் மட்டும் விழுவது ‘தடையின்றித் தானே விழும் பொருள்’. மொழியியலில் பிறிதோர் உருபனைச் சாராது வருவது ‘தனி உருபன்’ அல்லது ‘கட்டிலா உருபன்’. கவிதையில் நீங்குவது யாப்பு. யாத்தல் என்பதே கட்டுதல் ஆதலின், இங்குக் ‘கட்டற்ற கவிதை’ என்பது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. எனினும் வழக்கில் வென்றது ‘புதுக்கவிதை’. அது நீக்கத்தை விடுத்துப் புதுமையைச் சுட்டியது. பெயர்ப்பு எப்போதும் அளவையியலின் வழியே செல்வதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

6. வேலை நீங்கல்: ‘ஓய்வு’, ‘காலி’, ‘சும்மா’

ஆளைக் குறிக்கும்போது ‘ஓய்வாக’ என்பதும், இருக்கையையோ அறையையோ குறிக்கும்போது ‘காலியாக’ என்பதும் பொருந்தும். ‘காலி’ அரபு மூலத்தது. உருது வழியாகத் தெலுங்கிலும் தமிழிலும் பரவியது. ஐதராபாத்துத் தெலுங்கில் ஆளையும் இடத்தையும் ‘காளீ’ என்னும் ஒரு சொல்லாற் குறிக்கலாம். ‘காளீகா உன்னாரா?’ என ஒருவரை வினவுதல் அங்கு இயல்பு. தமிழிலோ ‘நீங்கள் காலியா?’ எனில் வேறுபொருள்படும். ‘ஆள் காலி’ என்பது அழிவைக் குறிக்கும். நால்மொழிச் சூழலில் வாழும் தமிழர் இவ்விடத்தில் ‘ஃப்ரீயா?’ என்பதையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

பேச்சுத் தமிழில் ஆங்கிலச் சொல்லின் பரப்பிற்கு மிக அருகில் வருவது ‘சும்மா’ என்னும் சொல்லாகும். ‘சும்மா கொடுத்தார்’ எனில் விலையின்மை. ‘சும்மா இருக்கிறேன்’ எனில் வேலையின்மை. ‘சும்மா சொல்லுங்கள்’ எனில் தயக்கமின்மை. தாயுமானவர் போன்றோர் போற்றிய ‘சும்மா இருத்தல்’ என்பதில் அது பற்றுகளினின்று விடுபட்ட நிலையையே குறிக்கிறது. இத்துணைப் பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பினும், அது பெயரடையாக இயங்குவதில்லை, ஆட்சிநடையிலும் ஏறுவதில்லை. அகராதிக்கு உதவாத இணைச்சொல், உரையாடல் பெயர்ப்புக்குப் பெரிதும் உதவும்.

7. அண்டை மொழிகளின் மயக்கம்

திருமுல்கேரி போன்ற இடங்களில் இருமொழியாளர் எதிர்கொள்ளும் மற்றோர் இடர் பொய்யொப்புமைச் சொற்கள். ‘ஒகட்டி கொண்டே ஒகட்டி உசிதம்’ என்பது தெலுங்கு விளம்பரத் தொடர். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது பொருள். தமிழில் ‘உசிதம்’ என்பது தகுதியானது, ஏற்றது எனப் பொருள்படும். கன்னடத்தில் இச்சொல்லுக்கு இரு பொருளும் உண்டு. மலையாளத்தில் விலையின்மையைக் குறிப்பது ‘சௌஜன்யம்’; அது தமிழில் நற்பண்பு, இணக்கம் என்பவற்றைச் சுட்டும். ஒரே வடமொழிச் சேமிப்பிலிருந்து நான்கு மொழிகளும் எடுத்துக்கொண்டன. எடுத்த பொருள் மட்டும் வேறு. தெலுங்கிலிருந்து நேரே தமிழாக்கம் செய்வோர் ‘உசிதமான மருத்துவ முகாம்’ என எழுதிவிட்டால், தமிழ் படிப்பவர் பொருத்தமான முகாம் என்றே கொள்வர். பணம் வேண்டாம் என்னும் முதன்மைச் செய்தி அவரைச் சேராது.

8. கடன்சொல்லாக ‘ஃப்ரீ’

ஆங்கிலச் சொல் தமிழில் அப்படியே வழங்கும்போதும் பொருள் நிலையாக இருப்பதில்லை. ‘ஃப்ரீயா விடு’ என்னும் இளைஞர் வழக்கு ‘பொருட்படுத்தாதே, மனத்தில் வைத்துக்கொள்ளாதே’ எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் இப்பொருளில் இத்தொடர் இல்லை. கவலையிலிருந்து நீக்குதல் என்னும் அடிக்கருத்தைத் தமிழ் தன் ‘விடு’ என்னும் வினையோடு சேர்த்துப் புதிதாய் ஆக்கிக்கொண்டது. ஆகவே தமிழ்ப் புனைகதையை ஆங்கிலத்தில் பெயர்ப்போர், உரையாடலில் ‘ஃப்ரீ’ வந்தால் அதனை அப்படியே திருப்பி எழுதுதல் தகாது. அது ஆங்கில வடிவில் உள்ள தமிழ்ச்சொல்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ‘ஃப்ரீ’ என்பது பல பொருள்களின் தொகுதியன்று. நீக்கம் என்னும் ஒரு பொருளின் பல சார்புகள். ஆங்கிலம் நீங்கிய பொருளைச் சொல்லாது விடும். தமிழ் அதனைச் சொல்ல வேண்டும். வினை, இனம், சார்பு ஆகியவற்றால் அதனைக் கண்டறிதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை. ‘இலவச’, ‘சுதந்திர’ என்பன அவ்வாராய்ச்சிக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவை. அதற்கு மாற்றாக இடப்பட வேண்டியவை அல்ல. இருமொழி அகராதிகளும் ‘ஃப்ரீ’ என்னும் தலைச்சொல்லின்கீழ் இணைச்சொற்களை மட்டும் அடுக்காது, எதனின் நீக்கம் என்பதன் அடிப்படையில் வகுத்துக் காட்டுமாயின் பயன் மிகும்.

ஊர்ப்பெயரொன்றில் மலை மறைந்ததனால் எவர்க்கும் இழப்பில்லை. சட்டத் தொடரொன்றில் உரிமை மறையுமாயின், அத்தொடரை நம்பி அலுவலக வாயிலில் நிற்பவர்க்கே இழப்பு. அவர் கேட்க வந்தது கொடையா, தமக்குரியதா என்பதை அவர்க்கு முதலில் அறிவிப்பது பெயர்ப்பாளர் தேர்ந்த அந்த ஒரு சொல்லேயாகும்.